கீழே பார்க்கும் சிரிப்பு

கதவைத் திறக்கிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். சீனம் பேசும் ஆளை அனுப்புகிறோம் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். வந்து நிற்பதோ நெற்றியில் பொட்டு வைத்த ஒரு தமிழச்சி. பின்னால் யாரும் வரவில்லை, அந்த ஆள் நான்தான் என்று சீனத்தில் சொல்வேன். அப்புறம் கொஞ்ச நேரம் என் உச்சரிப்பைப் பாராட்டுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அந்தப் பாராட்டை நின்றபடியே வாங்கிக்கொள்வேன். ஆக்லாந்தில் அந்த வேலை பார்த்த வருடங்களில் வாங்கிய பாராட்டுக்கு அளவில்லை. முழங்கால் வலிதான் மிச்சம்.

நான் ஈப்போவில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளி. அங்கே அடி பலமாக விழும், அடி விழுந்தால் கணக்கு வரும் என்று அப்பா என்னை அதில் சேர்த்தார். அடி விழுந்தது. கணக்கு வரவில்லை. சீனம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு படித்த படிப்பெல்லாம் நியூசிலாந்து வந்ததும் செல்லாக்காசாகிப் போக, அந்தச் சீனம்தான் எனக்குச் சோறு போட்டது. நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடை. டிவிக்குப் பின்னால் செருகுகிற கறுப்புப் பெட்டி ஒன்றை விற்றார்கள். அதைச் செருகினால் சீனாவின் அத்தனை சேனலும், இணையத்தில் ஓடுகிற அத்தனை கூத்தும் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். பெட்டியை வாங்குவது பிள்ளைகள். பார்ப்பது அவர்களைப் பெற்றவர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரவழைக்கப்பட்டு, ஆங்கிலமும் தெரியாமல், காரும் ஓட்டத் தெரியாமல், பஸ்ஸில் ஏறப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். பெட்டி நின்றால் அவர்களுக்கு உலகம் நின்றுவிடும். உடனே கடைக்குப் போன் வரும். அந்தப் போனை எடுப்பது என் வேலை.

முக்கால்வாசிப் பிரச்சினைக்கு ஒரே மருந்துதான். சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட வேண்டும். அதைப் போனில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் மலையும் மேடும் தாண்டிக் கார் ஓட்டிப் போய், என் கையால் அணைத்து, என் கையால் போட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. திரும்பும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதற்கா அடி வாங்கிப் படித்தேன் என்று தோன்றும்.

அவர்கள் பார்ப்பதையெல்லாம் அரைகுறையாக நானும் பார்த்தேன். போர்த் தொடர்களில் ஒற்றை விவசாயி மண்வெட்டியால் ஒரு பட்டாளத்தையே சாய்த்துவிடுவான். அரண்மனைத் தொடர்களில் ராணிகள் வாரக்கணக்கில் ஒருவருக்கொருவர் விஷம் வைப்பார்கள், யாருக்கும் தலைமுடி கலையாது. பெண்கள் வரிசையாக நின்று மாப்பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. பையன் என்ன சம்பாதிக்கிறான், வீடு இருக்கிறதா, அம்மா கூடவே இருப்பாளா என்று மேடையிலேயே கேட்பார்கள். நம்மவர்களின் சீரியலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் எதுவும் புதிதில்லை. பட்டுப்புடவைக்குப் பதில் பட்டு அங்கி, அவ்வளவுதான்.

புதிதாக இருந்தது இளசுகள் பார்க்கும் தளங்களில் இருந்த ஒரு வழக்கம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்க்கிறவர்கள் எழுதுவதெல்லாம் வலமிருந்து இடமாகப் படத்தின் மேலேயே பறந்து போகும். தோட்டாத் திரை என்று அதற்குப் பெயர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். இங்கே ஊர் வாயைக் கதாநாயகியின் மூக்கு மேலேயே ஓட விட்டிருந்தார்கள். பெரியவர்கள் பயந்துபோய், டிவிக்குள் எழுத்து ஊர்கிறது, கெட்டுவிட்டது என்று போன் செய்வார்கள். நான் போய் அதை அணைத்துவிட்டு வருவேன். அணைக்காதே என்று சொன்னவர் ஒரே ஒருவர்.

அவர் ஹில்ஸ்பரோவில் தன் தம்பி வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஒரு விதவை. அறுபதைத் தொட்டிருப்பார். சீனாவில் பள்ளி ஆசிரியராக இருந்து, கணவர் இறந்த பிறகு ஒரே மகளைப் படிக்க வைக்க இந்த ஊருக்கு வந்தவர். அம்மா வயதுப் பெண்களைச் சீனத்தில் ‘ஆயி’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். தமிழிலும் ஆயி என்றால் அம்மாதான் என்று ஒருமுறை சொன்னபோது, அப்படியானால் உங்கள் ஆட்கள் எங்களிடம் திருடியிருக்கிறார்கள் என்றார். ஆசிரியர் அல்லவா, தீர்ப்பெல்லாம் உடனே வந்துவிடும்.

அவர் என்னிடம் பேசியதெல்லாம் சீனம். ஆனால் என் காதில் விழுந்து உள்ளே இறங்கும்போது அது ஈப்போத் தமிழாகத்தான் இறங்கும். கதவைத் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பது. எனக்கு அது ‘பசியாறிட்டியா’ என்றுதான் கேட்கும். அப்படிக் கேட்க ஆக்லாந்தில் எனக்கு வேறு ஆளில்லை. அதனாலோ என்னவோ, மற்ற வீடுகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற நான் அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அவருடைய மகள் ஷாங்காயில் இருந்தாள். இரண்டாயிரத்துப் பதினாறு, பதினேழு வாக்கில் சீனாவில் நேரலை மோகம் தலைவிரித்து ஆடியது. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடினார்கள், உதட்டுச்சாயம் விற்றார்கள், சும்மா தூங்கக்கூடத் தூங்கினார்கள். ஆயியின் மகள் சாப்பிட்டாள். தினமும் மதியம் கேமராவுக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே சாப்பிடுவாள். பெரிய நகரங்களில் தனி அறையில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து சாப்பிடுவார்கள். தனியாகச் சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கு ஒரு துணை. எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கு வேலை முடித்துவிட்டு வந்து தனியாகத் தட்டோடு உட்கார்ந்திருந்த என் கணவர் சிரிக்கவில்லை.

“அது நல்ல விசயம்தானே” என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “நானும் அந்தப் பிள்ளையைப் போட்டுட்டுச் சாப்பிடலாம் போல கிடக்கு.”

குத்தல் எனக்குத்தான் என்று புரிந்தது. எழுந்து போய் அப்பளம் பொரித்து வைத்தேன்.

மகள் அம்மாவோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் ஆயிக்குப் புரியாத விஷயம். இங்கே ஒரு பையனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். வேலைக்காக வேறு ஊரில் தங்கியிருந்த மகள் ஒருநாள் பச்சை ஆப்பில் செய்தி அனுப்பினாள். சீனாக்காரர்கள் மூச்சு விடுவதைத் தவிர மற்றதையெல்லாம் அந்த ஆப்பில்தான் செய்வார்கள். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், நான் திரும்பிப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். ஆயி பதில் எழுதினார். மகள் வீட்டுக்கு வராமலே விமானம் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு மகளிடமிருந்து புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்துப் படம் வரும், அவ்வளவுதான். நாமாகப் போன் செய்து பேசினால் என்ன என்று கேட்டேன். இத்தனை நாள் கழித்துப் போன் அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிடுவாள் என்றார். அது எனக்கும் தெரிந்த பயம்தான். ஈப்போவிலிருந்து வேளை கெட்ட வேளையில் அழைப்பு வந்தால் நானும் உட்கார்ந்துவிட்டுத்தான் எடுப்பேன்.

மகளின் நேரலையைத் தம்பி மனைவிதான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். போன் திரை சின்னதாக இருக்கிறது, பெட்டியில் வரவைக்க முடியுமா என்று ஆயி கடைக்குப் போன் செய்தார். நான் போய் வரவைத்தேன். டிவி முழுக்க மகளின் முகம். கன்னத்தில் ஒரு பரு. ஆயி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்தப் பருவைப் பார்த்தார். அந்த முகத்தின் மேலே எழுத்துகள் பறந்தன. அணைக்கவா என்று கேட்டேன்.

“வேண்டாம். அவளைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தெரியணும்.”

பிறகு தானும் எழுத வேண்டும் என்றார். அவர் போனில் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, அதைப் பெட்டியிலும் இணைத்தேன். புனைபெயர் வேண்டும் என்றதும் யோசித்து, ‘பக்கத்து மேசை’ என்று வைத்துக்கொண்டார். மகளுக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஷாங்காயில் மதியம் என்றால் எங்களுக்குக் குளிர்காலத்தில் மாலை நான்கு மணி. நான்கு மணிக்கு யாராவது இரவுச் சாப்பாடு சாப்பிடுவார்களா? ஆயி சாப்பிட்டார். டிவிக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு, மகள் கரண்டியை எடுக்கும்போது தானும் எடுப்பார். அவள் தண்ணீர் குடித்தால் இவரும் குடிப்பார். ரிமோட் சரியில்லை, சத்தம் குறைகிறது என்று ஏதாவது காரணம் சொல்லி வாரம் ஒருமுறை என்னை வரவழைப்பார். போனால் எனக்கும் ஒரு கிண்ணம் இருக்கும்.

அவர் எழுதுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு விரலால் எழுதுவார். மெதுவாகச் சாப்பிடு. நேற்றும் கீரை சாப்பிடவில்லை. எண்ணெய் அதிகம். அந்தச் சட்டை குளிருக்குப் போதாது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மறக்காமல் ஒரு சிரிப்பு வைப்பார். அந்தப் பச்சை ஆப்பில் பழகிய அதே சிரிப்பு. மஞ்சள் வட்டம், மேல்நோக்கி வளைந்த ஒரு கோடு வாய், கண்கள் மட்டும் கீழே பார்க்கும். நானும் கடை வேலையில் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் அதைத்தான் வைப்பேன். மரியாதையாக இருக்கும் என்றுதான். அசதியாக இருக்கும் நாட்களில் இரண்டு வைப்பேன்.

பறக்கிற கூட்டத்துக்கு ஆயி சீக்கிரமே பழக்கமாகிவிட்டார். உள்ளே வருகிறவர் பெயர் திரையில் தெரியும், உடனே பக்கத்து மேசை வந்துவிட்டார்கள் என்று எழுதுவார்கள். இன்றைக்கு என்ன குற்றம் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதுவார்கள். ஆயிக்கு ஒரே பெருமை. எல்லாருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது என்றார். மகள் ஒருமுறை அவர் எழுதியதை வாசித்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனாள். பார்த்தாயா, வாசித்தாள் என்று ஆயி என் கையைத் தட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் மழையில் ஒருநாள் பெட்டி கெட்டுவிட்டது என்று ஆயியின் போன் வந்தது. போனேன். மற்ற சேனல் எல்லாம் நன்றாக ஓடியது. மகளின் அறை மட்டும் திறக்கவில்லை. கறுப்பாக நின்றது. வழக்கம்போல அணைத்துப் போட்டேன். திறக்கவில்லை. என் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். உடனே திறந்தது. மகள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி கெட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

“ஆயி, பெட்டி நல்லாதான் இருக்கு” என்றேன். “அவ உங்களத் தடுத்து வச்சிருக்கா.”

“அது நான்தான்னு அவளுக்குத் தெரியாதே.”

“பக்கத்து மேசையத் தடுத்திருக்கா.”

அவர் ரிமோட்டை என் பக்கம் தள்ளினார். என் கணக்கிலேயே விட்டுவிட்டுப் போ என்றார். விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் மேல் எனக்கு எரிச்சல். கீரை சாப்பிடு என்று சொன்னதற்கா ஒருவரைத் தடுப்பார்கள்? இரவு சாப்பாட்டில் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் கீரை என்று எழுதினவ என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

விடை கிடைத்தது வேறு வழியில். அந்த வாரமே கடை முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டான். முப்பது வயதுகூட ஆகாத சீனத்துப் பையன், மழையிலும் அரைக்கால் சட்டை போடுகிறவன். வாடிக்கையாளர்களின் பிள்ளைகளிடமிருந்து என்மேல் புகார் வந்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். நேரில் நல்ல மாதிரிதான் இருக்கிறேனாம், ஆனால் செய்தி எழுதும்போது ரொம்பத் திமிராக எழுதுகிறேனாம். நான் போனை அவன் முன்னால் வைத்தேன். நாளை காலை வருகிறேன், சிரிப்பு. தயவுசெய்து சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு. இதில் என்ன திமிர்?

அவன் அந்தச் சிரிப்பின் மேல் விரலை வைத்தான்.

“அக்கா, இது சிரிப்பு இல்லெ.”

பிறகு விளக்கினான். வயதானவர்கள்தான் அதைச் சிரிப்பு என்று நினைத்துப் போடுகிறார்களாம். அவன் வயதுக்காரர்களுக்கு அது வேறு. நீயெல்லாம் ஒரு ஆளா, உன்னோடு பேசவே எனக்கு இஷ்டமில்லை, இதோடு நிறுத்திக்கொள் என்பதையெல்லாம் அந்த ஒரு மஞ்சள் வட்டம் சொல்லிவிடுமாம். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை பாருங்கள் என்றான். பார்த்தேன். ஆமாம், சிரிக்கவில்லை. இத்தனை வருடமாக நான் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என் மனதில் உண்மையாக இருந்ததைத்தான் என்று நினைக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஆயி நினைவுக்கு வந்து, அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் பள்ளியில் படிக்கும் என் மகளிடம் கேட்டால், “எவ்ரிபடி நோஸ் தட், மா” என்று போனிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். எவ்ரிபடிக்கும் தெரிந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். கடைசியில் போய்ச் சொன்னேன். ஆயி தன் பள்ளிக்கூட முகத்தோடு கேட்டுக்கொண்டார். வாய் சிரித்தால் சிரிப்புதானே என்றார். சின்னப் பிள்ளைகள் சொல்லுக்கு இஷ்டப்படி அர்த்தம் வைப்பார்களா, அகராதி எதற்கு இருக்கிறது என்றார். அப்படியானால் சிரிக்கிறதுக்கு என்ன போடுகிறார்களாம் என்று கேட்டார். கண்ணீர் வழியச் சிரிக்கிற முகம், கையால் முகத்தை மூடிக்கொள்கிற முகம் என்று முதலாளி சொன்னதைச் சொன்னேன்.

“சந்தோஷமா இருக்கிறப்ப நான் ஏன் அழுவுற மூஞ்சியப் போடணும்?”

நியாயமான கேள்விதான். அவர் போனை எடுத்து, பச்சை ஆப்பில் மகளின் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போனார். தள்ளுவதற்கு அதிகம் இருக்கவில்லை. இரண்டு புத்தாண்டு வாழ்த்துப் படங்கள், அதற்கு மேலே மகளின் அந்தச் செய்தி. அதற்கு இவர் எழுதிய பதிலை எனக்குக் காட்டினார்.

‘ஸுவெய் நீ’ என்று இரண்டே சீன எழுத்து. சீனத்திலும் நீ என்றால் நீதான். உன் இஷ்டம் என்று அர்த்தம். அதன் பின்னால் அந்த மஞ்சள் வட்டம், கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு.

உன் இஷ்டம் என்ற சொல்லை எந்தத் தமிழச்சிக்கும் விளக்க வேண்டியதில்லை. மனதாரச் சொன்னால் அது ஆசீர்வாதம். உதட்டைச் சுழித்துச் சொன்னால் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. நான் யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது என் அம்மாவும் இதையேதான் சொன்னார். எது என்று நான் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பெண்ணுக்குப் பார்க்க முகம் இருக்கவில்லை. அவள் பார்த்தது அந்த மஞ்சள் வட்டத்தைத்தான்.

“எனக்கும் அந்தப் பையனப் புடிக்கலெ” என்றார் ஆயி. “அவ வேணாம்னு சொன்னதும் எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? சிரிச்சேன். சிரிச்சதத்தான் போட்டேன்.”

இரண்டு வருடம். ஒரு அம்மா நிம்மதியாகச் சிரித்த சிரிப்பு, ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போவதற்குள் காறித் துப்பியதாக மாறிவிட்டது. அதோடு விட்டதா? தினமும் மதியம் சாப்பிட உட்காரும்போது, முகம் தெரியாத யாரோ அம்மாவைப் போலவே குற்றம் சொல்லி, அம்மாவின் அதே சிரிப்பை வைத்துவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்குமா? அவள்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது, ஆனால் அங்கே கோபப்பட ஆள் இல்லை.

போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்றேன். போன் வேண்டாம் என்று தலையாட்டினார். வெகுநேரம் யோசித்து ஒரு விரலால் எழுதினார். ‘அன்றைக்கு நான் வைத்த சிரிப்பு, நான் சிரித்ததுதான்.’ முடித்ததும் அவர் விரல் பழக்கத்தில் அந்த மஞ்சள் வட்டத்துக்குப் போனது. அதன் மேல் நின்றது. பிறகு விரலை எடுத்துக்கொண்டு, ஒன்றும் வைக்காமல் அனுப்பினார்.

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மகள் நேரலையில் வழக்கம்போலச் சாப்பிட்டாள், பேசினாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஆயி என் கணக்கில்தான் பார்த்தார். எழுதவில்லை. எனக்கு அந்த நாட்களில் வேலையே ஓடவில்லை. மற்ற வீடுகளில் அணைத்துப் போடும்போதும் போனைப் பார்த்துக்கொள்வேன், ஏதாவது வந்திருக்குமோ என்று. வீட்டில் கணவர் தினமும், “உம்மட ஆயிக்குப் பதில் வந்ததோ?” என்று கேட்பார். இல்லை என்பேன். “ஓம், நேரம் எடுக்கும்தானே” என்பார். அவரும் தன் அம்மாவோடு வருடக்கணக்காகக் கதைக்க முடியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அங்கே காரணம் யுத்தம். அதனால் அவர் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்ததும் ஷாங்காயின் மதியம் எங்களுக்கு ஐந்து மணி ஆனது. அந்த வாரத்தில் ஒருநாள், சத்தம் குறைகிறது என்று ஆயி போன் செய்தார். எல்லா வேலையும் முடித்துக்கொண்டு, முதுகு ஒடிய, போகவே மனமில்லாமல் போனேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது. அவர் போனை என்னிடம் நீட்டினார்.

மகளிடமிருந்து பதில் வந்திருந்தது. ஒரு சொல்கூட இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் தனியாக இருந்தது. மஞ்சள் வட்டம், கீழே பார்க்கும் கண்.

“இது எந்தச் சிரிப்பு?” என்று கேட்டார் ஆயி.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா சொன்னதைப் புரிந்துகொண்டு, அம்மாவின் மொழியிலேயே பதில் சொல்லியிருக்கிறாளா? இல்லை, அவள் வயதுக்காரர்களின் மொழியில் இதோடு நிறுத்திக்கொள் என்கிறாளா? முதலாளிப் பையனுக்கு அனுப்பிக் கேட்கலாம் என்றேன். ஆயி வெடுக்கென்று போனை வாங்கிக்கொண்டார். பிள்ளை அம்மாவுக்கு எழுதியதை ஊரெல்லாம் காட்டி அர்த்தம் கேட்பார்களா என்றார்.

தெரிந்துகொள்ள இன்னொரு வழி இருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியும், இருவருமே சொல்லவில்லை. பெட்டியில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று என்னுடையது, எப்போதும் திறப்பது. மற்றது பக்கத்து மேசை. பக்கத்து மேசை அம்மாதான் என்று மகள் ஊகித்துத் தடையை எடுத்திருந்தால் அது திறக்கும். எடுக்கவில்லை என்றால் கறுப்பாக நிற்கும். ஐந்து மணி ஆகிவிட்டது. ஆயி தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் ரிமோட்டை எடுத்தேன்.

“எதுல திறக்கட்டும், ஆயி?”

அவர் சாப்பிடும் குச்சிகளைத் தட்டின் மேல் நேராக்கி வைத்தார். மறுபடி நேராக்கினார்.

“ஸுவெய் நீ” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் சிரித்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, பயந்துபோய்.

பக்கத்து மேசையை அழுத்தினேன். திரை கறுத்தது. வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்ல முடியாத நேரம் அது. நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயி மூச்சை இழுத்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

திறந்திருந்தது. மகள் அப்போதுதான் உட்கார்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து மேசை வந்துவிட்டார்கள் என்று யாரோ எழுதியது அவள் நெற்றியின் மேல் ஓடியது. அவள் அதை வாசித்தாள். கேமராவுக்கு வெளியே கையை நீட்டி ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். தட்டு நிறையக் கீரை.

ஆயி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“எண்ணெய் அதிகம்” என்றார் என்னிடம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.